சிறுவர் அமெரிக்கக் கால்பந்து: கோப்பைக்கு முன்பே வந்த விதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கச் சிறுவர் கால்பந்துச் சாம்பியன்ஷிப் குறித்து வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கால்பந்து என்றதும் பெலேயையும் மெஸ்ஸியையும் நினைக்கும் நம் வாசகர்களுக்கு, நீள்வட்டப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் இந்த ஆட்டத்தையும், அதைப் பத்து வயதுப் பிள்ளைகள் ஆடும் விதத்தையும் அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் தொடக்க கால வரலாற்றைச் சொல்லும் பகுதியில் மூன்று கூற்றுகள் உண்மைக்குப் பொருந்தவில்லை. தொழில்முறை லீக் தனக்கு ஆட்டக்காரர்களை உருவாக்கிக்கொள்ளவே சிறுவர் போட்டிகளைத் தொடங்கியது என்பது ஒன்று. 'பாப்' வார்னர் என்ற பயிற்சியாளரே அவற்றின் நிறுவனர் என்பது மற்றொன்று. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த 'சாண்டா கிளாஸ் பவுல்' ஆட்டம் முதல் தேசிய இறுதிப் போட்டி என்பது மூன்றாவது. ஃபிலடெல்பியாவின் புறநகர் ஒன்றில் நெடுங்காலமாக வசிப்பவன், என் மகன் ஆடிய ஆண்டுகளில் ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளின் எடையைச் சரிபார்க்கும் மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்தவன் என்ற முறையில், இவற்றைச் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்கக் கால்பந்து பிறந்ததும் வளர்ந்ததும் கல்லூரி மைதானங்களில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆடப்பட்ட முரட்டுத்தனத்தால் உயிரிழப்புகளும் படுகாயங்களும் பெருகியதைக் கண்டு, 1905 அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியிருந்தது. மறு ஆண்டே விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. ஆட்டத்தைத் தொடர 5 கஜம் முன்னேறினால் போதும் என்றிருந்தது 10 கஜமாக ஆக்கப்பட்டது. கும்பலாக நெருக்கித் தள்ளும் ஆட்டமுறை மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனாலும் பெரியவர்கள் ஆடுவதற்கே அஞ்சிய அந்த ஆட்டத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா என்ற தயக்கம் கல்வியாளர்களிடம் நீடித்தது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கடும் போட்டிகளில் இறக்கக் கூடாது என்ற கருத்து உடற்கல்வித் துறையினரிடையே 1930களில் வலுப்பெற, பள்ளிகள் அந்தப் பொறுப்பிலிருந்து விலகி நின்றன. பிள்ளைகள் என்னவோ ஆடுவதை நிறுத்தவில்லை. காலி மனைகளிலும் தெருமுனைகளிலும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளிகள் ஏற்காமல் விட்ட பொறுப்பை ஊர் அமைப்புகளும் உள்ளூர் வணிகர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்பதே இந்த வரலாற்றின் தொடக்கம். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் 'யங் அமெரிக்கா லீக்' என்ற அமைப்பு 1927இலேயே பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்குக் கால்பந்துப் போட்டிகளை நடத்தத் தொடங்கிவிட்டது. தங்கள் கட்டுரை அதைக் குறிப்பிடவே இல்லை.

ஃபிலடெல்பியாவின் கதை 1929இல் தொடங்குகிறது. பின்னாளில் 'பாப் வார்னர்' பெயரைத் தாங்கிய அமைப்பு தன் தோற்ற வரலாறாகச் சொல்லிவருவது இது: நகரின் வடகிழக்குப் பகுதியில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்துக் கட்டப்பட்ட ஒரு புதிய தொழிற்சாலைக்கு அருகே காலி மனை ஒன்று இருந்தது. அங்கே கூடிய பையன்கள் கல்லெறிந்து கண்ணாடிகளை உடைத்துக்கொண்டே இருந்தார்கள். செய்வதறியாத உரிமையாளர் தன் நண்பரும் இளம் பங்குத் தரகருமான ஜோ டாம்லினிடம் யோசனை கேட்டார். அவரோ, காவல் போடுவதற்குப் பதிலாக, அக்கம்பக்கத் தொழிற்சாலை உரிமையாளர்கள் சேர்ந்து பணம் போட்டு அந்தப் பையன்களுக்கென்று ஒரு கால்பந்து லீக்கை அமைக்கலாம் என்றார். அந்த இலையுதிர் காலத்திலேயே நான்கு அணிகளோடு 'ஜூனியர் ஃபுட்பால் கான்ஃபரன்ஸ்' தொடங்கியது. அதே அக்டோபரில்தான் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. நாடெங்கும் வேலையிழப்பும் பசியும் பரவிய அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்த லீக் சுருங்கவில்லை. 1933க்குள் அணிகளின் எண்ணிக்கை 16 ஆனது. வேலை தேடி அலைந்த தகப்பன்மார்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் செய்ய ஏதோ ஒன்று கிடைத்தது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

தொழில்முறை லீக்குக்கு இதில் என்ன பங்கு இருந்திருக்க முடியும்? 1920இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக் அப்போது தன் காலில் நிற்கவே தடுமாறிக்கொண்டிருந்தது. அதே வடகிழக்கு ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த ஃபிராங்க்ஃபர்ட் எல்லோ ஜாக்கெட்ஸ் அணி 1926இல் அந்த லீக்கின் சாம்பியனாக வென்றும், ஐந்தே ஆண்டுகளில், 1931இல், பணமில்லாமல் மூடப்பட்டது. இன்று உலகமறிந்த ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணி பிறந்ததே 1933இல்தான். அதாவது, அந்த ஊரின் சிறுவர் லீக் ஈகிள்ஸைவிட நான்கு வயது மூத்தது. பெரிய லீக் சிறிய லீக்கைப் பெற்றெடுத்தது என்பது காலக் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்து வார்னர். கிளென் ஸ்கோபி வார்னர் 1871இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். உடன் ஆடியவர்களைவிட வயதில் மூத்தவர் என்பதால் 'பாப்' என்ற பட்டப்பெயர் பெற்றவர். கார்லைல், பிட்ஸ்பர்க், ஸ்டான்ஃபோர்ட் என்று பெயர் பெற்ற அணிகளுக்குப் பயிற்சி அளித்துவிட்டு, 1933இல் ஃபிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1934 ஏப்ரலில் டாம்லின் தன் லீக்கின் பையன்களுக்காகப் பயிற்சி முகாம் ஒன்றை ஏற்பாடு செய்து, அந்த வட்டாரக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஒரு டஜன் பேரை அழைத்திருந்தார். அன்று காற்றும் ஆலங்கட்டி மழையுமாக வானிலை மோசமாகிவிட, அழைக்கப்பட்டவர்களில் வார்னர் ஒருவர் மட்டுமே வந்து சேர்ந்தார். அறுபதைக் கடந்த அந்த மனிதர், நாட்டின் மிகப் புகழ்பெற்ற பயிற்சியாளர்களில் ஒருவர், கூடியிருந்த நூற்றுக்கணக்கான பையன்களுக்கு இரண்டு மணி நேரம் பாடம் நடத்தி, அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். அந்த நன்றிக்காகவே அந்த லீக் 'பாப் வார்னர் கான்ஃபரன்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே அவர் பெயர் சூட்டப்பட்டவர்தானே தவிர, நிறுவனர் அல்லர். நிறுவனர் ஜோ டாம்லின். ஐந்தாண்டு உழைப்பு அவருடையது. தங்கள் கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட வராதது எனக்கு மனவருத்தத்தைத் தந்தது.

வார்னரைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளி, அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளை அவர்கள் குடும்பத்திலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து வைத்திருந்த அரசு உறைவிடப் பள்ளி. ஜிம் தோர்ப் போன்ற மாபெரும் ஆட்டக்காரர்களை வார்னர் உருவாக்கியது அங்கேதான். அங்கே நிகழ்ந்த முறைகேடுகளை அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 1914இல் விசாரித்தபோது, வார்னரின் கடுமையான நடத்தையைப் பற்றியும் விளையாட்டு நிதியை அவர் கையாண்ட விதத்தைப் பற்றியும் மாணவர்களே முன்வந்து சாட்சியம் சொன்னார்கள். அவர் அந்த ஆண்டோடு அங்கிருந்து விலகினார். மழையில் வந்து பாடம் நடத்திய அன்பையும், இருபது ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் எழுப்பிய குற்றச்சாட்டையும் ஒருசேரச் சொல்வதே நேர்மையான வரலாறு. பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒருவர் பெயரை வைத்திருக்கும்போது, பிள்ளைகள் அவரைப் பற்றிச் சொன்னதை மறைக்கும் உரிமை நமக்கு இல்லை என்று கருதுகிறேன்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கட்டுரை கோப்பைகளையும் இறுதி ஆட்டங்களையும் மையமாக வைத்து வரலாற்றைச் சொல்கிறது. என் பார்வையில், சிறுவர் சாம்பியன்ஷிப் என்ற ஒன்றைச் சாத்தியமாக்கியது கோப்பை அன்று. யார் யாரோடு மோதலாம் என்பதை வரையறுத்த விதிதான். தொடக்க ஆண்டுகளில் டாம்லினின் லீக்கில் ஆடியவர்கள் பெரும்பாலும் பதினைந்து வயதைக் கடந்த இளைஞர்கள். 1938இல் 157 அணிகள்வரை வளர்ந்த அந்த அமைப்பு, போர் வந்து இளைஞர்கள் படைக்குப் போனபோது 42 அணிகளாகச் சுருங்கிப்போனது. போருக்குப் பின், 1947 வாக்கில், அமைப்பு தன் கவனத்தைப் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் பக்கம் திருப்பியது. நாம் இன்று சிறுவர் கால்பந்து என்று அழைப்பது உண்மையில் அந்தத் திருப்பத்தில் பிறந்ததே. வயது குறையக் குறைய ஒரு சிக்கல் பெரிதாகிறது: பதினெட்டு வயதில் இரு இளைஞர்களின் உடல்வாகு ஏறத்தாழ நெருங்கி வரும், பன்னிரண்டு வயதிலோ, ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவன் மற்றவனைப் போல ஒன்றரை மடங்கு எடை இருப்பான். உடலோடு உடல் மோதும் ஆட்டத்தில் இது எத்தனை ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. தலைக்கவசமும் அன்று பெரிய காப்பாக இல்லை; கல்லூரி ஆட்டத்தில் அது கட்டாயமானதே 1939இல், தொழில்முறை லீக்கில் 1943இல். ஆகவே பிள்ளையைக் காக்க இருந்த முதன்மையான வழி, தன்னையொத்த உடலோடு மட்டும் அவன் மோதும்படி பார்த்துக்கொள்வதுதான். வயதையும் எடையையும் சேர்த்துப் பார்த்துப் பிரிவுகளை வகுக்கும் முறை இப்படித்தான் இந்த ஆட்டத்தின் முதுகெலும்பானது. நம்மூர்க் கபடிப் போட்டிகளில் ஆட்டக்காரர்களைத் தராசில் நிறுத்திப் பிரிவு பார்ப்பதை அறிந்தவர்களுக்கு இதன் அவசியம் உடனே புரியும்.

அந்த மேசையில் உட்கார்ந்து நான் கண்டதைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்துக்கு முன், மைதானத்தின் ஓரத்தில் தராசு வைக்கப்படும். இரு அணிகளின் சார்பிலும் ஆளுக்கொருவர் நிற்க, பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தோள்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி நிற்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தடித்த கோப்பு உண்டு. அதில் பிள்ளையின் புகைப்படம், பிறந்த தேதிக்கான சான்று, மருத்துவரின் தகுதிச் சான்று, பள்ளி மதிப்பெண் அறிக்கை ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்பில் ஒரு தாள் குறைந்தாலும் பிள்ளை அன்று ஆட முடியாது. எடை சற்றுக் கூடிவிட்டதால் ஆட முடியாமல் போன ஒரு பையன், கண்ணீரை அடக்கிக்கொண்டு, தன் அணிக்கான தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். விதி கடுமையானதுதான். ஆனால் எதிரணியில் அன்று நின்றிருந்த சின்னஞ்சிறு பையனின் தாய்க்கு அந்தத் தராசு தந்த நிம்மதியையும் நான் பார்த்தேன்.

சாண்டா கிளாஸ் பவுலைப் பற்றிய கூற்று கட்டுரையின் மையமாகவே இருந்ததால் அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1947 டிசம்பர் 27 அன்று, ஆறு அங்குலப் பனியின்மீது, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த சுமார் 2,000 பார்வையாளர்கள் முன்னிலையில் அந்த ஆட்டம் நடந்ததாக அமைப்பின் வரலாறு சொல்கிறது. ஃபிலடெல்பியா லீக்கின் சார்பில் ஆடியது கிளிக்கெட்ஸ் என்ற அணி. அதற்குப் பணம் கொடுத்தது தெற்கு ஃபிலடெல்பியாவில் புகழ்பெற்று விளங்கிய பலும்போஸ் என்ற இரவு விருந்து விடுதி. எதிரணி நியூயார்க்கிலிருந்து வந்த சைக்ளோன்ஸ். அதன் புரவலர் வேறு யாருமல்லர், பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. கிளிக்கெட்ஸ் 6–0 என்ற கணக்கில் வென்றது. இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு டச் டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒருமுறை கொண்டுசேர்ப்பதற்கு, கிடைக்கும் புள்ளி அது. பனி என்று சொல்வது மிகையாக இருக்குமோ என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அதே 26, 27 தேதிகளில்தான் நியூயார்க் நகரில் 26.4 அங்குலப் பனி கொட்டியது; 2006வரை அந்நகரின் மிகப் பெரிய பனிப்பொழிவு என்ற பதிவு அதற்கே இருந்தது. அப்படிப்பட்ட நாளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஃபிலடெல்பியாவில் வந்து ஆடினார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் இது தேசிய இறுதிப் போட்டி அன்று. மாநில வாரியாகவோ வட்டார வாரியாகவோ வென்று வந்த அணிகள் சந்தித்த ஆட்டமும் அன்று. இரண்டு நகரங்களின் புரவலர்கள் இருவர் தங்கள் அணிகளை மோதவிட்ட அழைப்பு ஆட்டம் அது. கல்லூரிக் கால்பந்தில் 'பவுல்' என்பதன் வழக்கமும் அதுவே: பருவம் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடத்தப்படும் சிறப்பு ஆட்டம். வார்னரின் டெம்பிள் அணி 1935 புத்தாண்டு நாளில் முதல் சுகர் பவுலில் ஆடி டுலேன் பல்கலைக்கழக அணியிடம் 14–20 என்று தோற்றதும் அப்படி ஓர் அழைப்பின் பேரில்தான். சிறுவர் அமைப்புகளும் அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றின. ஆகவே சாண்டா கிளாஸ் பவுலைத் தொடக்க காலச் சிறுவர் பவுல் ஆட்டங்களுள் ஒன்று என்று சொல்லலாம். சாம்பியன்ஷிப் என்று சொல்வது பொருந்தாது.

அதே 1947இல், அதே பென்சில்வேனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில், சிறுவர் பேஸ்பாலுக்கு முறையான சாம்பியன்ஷிப் தொடங்கிவிட்டது. கார்ல் ஸ்டாட்ஸ் 1939இல் தொடங்கிய லிட்டில் லீக்கின் முதல் தொடர் அது. உள்ளூர் மேனார்ட் மிட்ஜெட்ஸ் அணி லாக் ஹேவன் அணியை 16–7 என்று வென்று கோப்பையை எடுத்தது. பேஸ்பாலுக்கு முடிந்தது கால்பந்துக்கு ஏன் முடியவில்லை என்று கேட்டால், காரணம் ஆட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. பேஸ்பாலில் பிள்ளைகள் அடுத்தடுத்த நாட்களில் ஆடலாம். கோடை விடுமுறையில் ஒரே வாரத்துக்குள் பல அணிகளை ஓரிடத்தில் கூட்டித் தொடரை முடித்துவிடலாம். கால்பந்திலோ ஓர் ஆட்டம் ஆடிய உடல் தேற ஒரு வாரம் வேண்டும். பருவமும் பள்ளி நடக்கும் மாதங்களில் வந்து, குளிரில் முடிகிறது. வட்டார வெற்றியாளரைத் தேர்ந்து, அவர்களை மாநிலம் கடந்து அனுப்பி, அடுத்தடுத்த சுற்றுகளை நடத்துவதற்குப் பல வாரங்களும் பெரும் பணமும் தேவை. ஆகவேதான் கால்பந்தில் சாம்பியன்ஷிப் முதலில் ஓர் ஊருக்குள், பிறகு அண்டை ஊர்களோடு, அதன்பின் அழைப்பு ஆட்டங்களாக என்று மெதுவாக விரிந்தது. இந்த மெத்தனத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் உடலை முன்வைத்துப் பார்த்தால், அவசரப்பட்டிருந்தால்தான் தவறாகியிருக்கும்.

டாம்லினின் லீக் நாடு தழுவிய அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது 1959இல். அப்போது அது சூடிக்கொண்ட பெயர் 'பாப் வார்னர் லிட்டில் ஸ்காலர்ஸ்'. விளையாட்டு அமைப்பொன்றின் பெயரில் கால்பந்து என்ற சொல்லே இல்லாமல் படிப்பு முன்னால் வந்து நின்றது. பெயரளவில் மட்டுமல்ல, பள்ளியில் போதிய மதிப்பெண் இல்லாத பிள்ளை களமிறங்க முடியாது என்ற விதியும் நடைமுறையில் இருக்கிறது. சிறந்து படிக்கும் ஆட்டக்காரர்களுக்குத் தேசிய அளவில் தனியாகப் பாராட்டும் உண்டு. அணியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆட்டத்தில் குறைந்தபட்ச வாய்ப்புகளைத் தந்தே ஆக வேண்டும் என்ற விதியும், மிகச் சிறிய பிள்ளைகளின் பிரிவில் புள்ளிக் கணக்கே வைக்கக் கூடாது என்ற விதியும் இதே எண்ணத்தின் நீட்சி. இவற்றில் எதையும் கட்டுரையில் காண முடியாததால்தான், படிக்கிறவர்களுக்கு இது இன்னுமொரு கோப்பைப் போட்டி என்ற எண்ணமே எஞ்சுகிறது.

தலைக்காயங்கள் குறித்த மருத்துவ உண்மைகள் வெளிவந்த பிறகு இந்த ஆட்டத்தின்மீது எழுந்திருக்கும் கவலை நியாயமானது. அதை நானும் பகிர்ந்துகொள்கிறேன். அமைப்பு 2012இல் பயிற்சி நேரத்தில் மோதல் பயிற்சிகள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது; 2016இல் இளைய பிரிவுகளில், பந்தை எதிரணியை நோக்கி உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக் ஆஃபை நீக்கியது; 2019இல் அதே பிரிவுகளில், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து பாயத் தயாராகும் மூன்று புள்ளி நிலையைத் தடை செய்தது. அந்த நிலையை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர் வார்னர். அவர் பெயரைத் தாங்கிய அமைப்பே அதைத் தடை செய்தது என்றால், 1947இல் பிள்ளைகளுக்கேற்ப ஆட்டத்தை மாற்றத் தொடங்கிய அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றே பொருள். இந்தத் திருத்தங்கள் போதுமா என்று கேட்டால், போதாது என்பதே என் கருத்து. குறிப்பாகப் பத்து வயதுக்குக் கீழ் மோதல் ஆட்டமே வேண்டாம், இடுப்பில் கட்டிய துணிப்பட்டையைப் பறிக்கும் ஃபிளாக் ஃபுட்பால் போதும் என்று சொல்லும் பெற்றோர்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன். அந்த ஆட்டம் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் இடம்பெறுகிறது என்பதால், தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இனி இதைப் பற்றி எழுத வேண்டிய தேவை கூடத்தான் செய்யும்.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஜோ டாம்லினே நிறுவனர் என்பதையும், 1947 ஆட்டம் அழைப்பு ஆட்டம் மட்டுமே என்பதையும் குறிப்பிட்டு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். இணையப் பதிப்பைப் பள்ளி மாணவர்கள் தங்கள் செயல்திட்டங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் அங்கும் மாற்றிவிட்டால் நல்லது. இரண்டாவது, எந்த நாட்டின் சிறுவர் சாம்பியன்ஷிப்பைப் பற்றி எழுதினாலும், வென்றவர் பெயரோடு, அந்தப் போட்டியின் வயது வரம்பும் எடை வரம்பும் என்ன, அதை யார் எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதையும் ஒரு வரியிலாவது சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஃபிலடெல்பியா புறநகர், பென்சில்வேனியா